கழுவக் கழுவத் திரும்பி வரும் வாடை: கோத்தகிரி வாசகிக்கு ஒரு மகப்பேறு மருத்துவரின் பதில்

கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. சொந்தமாகக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அது போதாமல் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார். கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். காய்கறி ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவார், சில வாரங்களில் அதைத் தாண்டியும் போய் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் திரும்புவார். மகன் பிறந்த கையோடு இவருக்குக் காப்பர்-டி போட்டிருக்கிறார்கள். அதன் அட்டை தொலைந்துவிட்டது.

ஒன்றரை வருடமாக இவருக்கு வெள்ளைப்படுதல். சாம்பல் கலந்த வெள்ளையாக, தண்ணீராக, மீன் கழுவிய தண்ணீரைப் போன்ற வாடையோடு போகிறது. மாதவிலக்கு முடியும்போதும் கணவரோடு சேர்ந்த பிறகும் வாடை கூடுகிறது. அரிப்பு பொதுவாக இல்லை. ஒரே ஒரு முறை, இருமலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு, கட்டித் தயிர் போலத் திரிதிரியாகப் போய்த் தாங்க முடியாத அரிப்பு இருந்திருக்கிறது. மெடிக்கலில் சொல்லி, ஒரே வேளையில் விழுங்கும் மாத்திரைகளை நான்கு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருந்து, மறுபடி பழைய கதைதான்.

“சுத்தம் பத்தலையோன்னு காலையும் ராத்திரியும் வெந்நீர்ல தைலம் நாலு சொட்டு விட்டு உள்ளே வரைக்கும் கழுவுறேன் டாக்டர். டிவியில காட்டுற வாஷும் வாங்கிட்டேன். உடம்பு சூடுன்னு மாமியார் சொன்னதால முட்டை, கோழி, கருவாடு எல்லாத்தையும் நிறுத்தி ஆறு மாசமாச்சு. இடுப்பு வலி, அசதி. வெள்ளைப்பட்டா எலும்பு உருகிடும்னு பயமா இருக்கு” என்கிறார். மாதவிலக்குக்குத் துணிதான். மழைக்காலத்தில் அது காய்வதில்லை, வெளியே போடவும் கூச்சம். கதவுக்குப் பின்னால் கொடியில் போட்டு, ஈரம் முழுதாகப் போகுமுன்பே எடுத்து உடுத்துகிறார்.

கடைசியாகப் போன ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, “கர்ப்பப்பை வீங்கியிருக்கு, வாயில புண் இருக்கு, ரெண்டு பிள்ளை இருக்கே, எடுத்துடலாம், காப்பீட்டு அட்டையிலேயே முடிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டார்கள். நாத்தனாரோ, “அண்ணன் வெளியூர் போய் எதையாவது வாங்கிட்டு வந்திருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கணவரிடம் இயல்பாகப் பேச முடியவில்லை.

அவர் கேட்பவை நான்கு. நான் சுத்தமில்லாதவளா? அவர் கொண்டுவந்து கொடுத்த நோயா இது? கர்ப்பப்பையை எடுத்தால் தீருமா? மகளுக்கும் வெள்ளைப்பட ஆரம்பித்திருக்கிறது, என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில். நீங்கள் சுத்தமில்லாதவர் இல்லை. கழுவக் கூடாத இடத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் தொல்லை இத்தனை நாள் நீடிப்பதற்கு அந்தக் கழுவலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்று இரவே அதை நிறுத்துங்கள். தைலம், வாஷ், வெந்நீர், மஞ்சள் தண்ணீர், உப்புத் தண்ணீர், எதுவும் உள்ளே போக வேண்டாம். ஏன் என்று விளக்கிச் சொன்னால்தான் நிறுத்துவதற்கு மனம் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளே குடியிருக்கும் நல்ல கிருமிகள்

கிருமி என்றாலே நோய் என்று நமக்குப் பழகிவிட்டது. யோனிக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் இருப்பதுதான் ஆரோக்கியம். அவற்றில் முக்கியமானவை லாக்டோபேசில்லஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள். 1892-லேயே ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றைக் கவனித்து எழுதினார். பெண் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் யோனிச் சுவரில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. அது உடைந்து வரும் சர்க்கரையைச் சாப்பிட்டு இந்தக் கிருமிகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதனால் உள்ளே எப்போதும் ஒரு புளிப்புத்தன்மை இருக்கும். பி.எச். என்ற அளவையில் சொன்னால் 3.8-லிருந்து 4.5 வரை. இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். இந்தப் புளிப்பில் பெரும்பாலான கெட்ட கிருமிகளால் பெருக முடியாது.

நீங்கள் தேயிலைக்காரர், உங்களுக்கு இது எளிதில் புரியும். செடி அடர்ந்து மண்ணை மூடி நிற்கும் தோட்டத்தில் களை தலை தூக்காது. கவாத்து செய்த வருடம் வெயில் மண்ணில் விழுந்ததும் களைதான் முதலில் முளைக்கும். லாக்டோபேசில்லஸ் குறைந்த யோனியில் நடப்பதும் அதுதான். கார்டனரெல்லா போன்ற வேறு பல பாக்டீரியாக்கள் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சம் இருந்தவை, இடம் கிடைத்ததும் பெருகுகின்றன. இந்த நிலைக்கு பாக்டீரியல் வெஜைனோசிஸ் என்று பெயர். உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகள் பெரும்பாலும் இதையே காட்டுகின்றன. பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மீன் வாடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அது நீங்கள் சாப்பிட்ட கருவாட்டிலிருந்து இல்லை. இந்த பாக்டீரியாக்கள் அமீன் என்ற வேதிப்பொருட்களை உண்டாக்குகின்றன. மீன் கெடும்போது வாடை தருவதும் அதே வகைதான். புளிப்பு இருக்கும்வரை அமீன்கள் கரைந்து கிடக்கும். புளிப்பு குறைந்தால் ஆவியாகி மூக்குக்கு எட்டும். ரத்தத்தின் பி.எச். சுமார் 7.4, விந்துவின் பி.எச். 7-க்கு மேல். இரண்டும் புளிப்பைக் குறைப்பவை. மாதவிலக்கை ஒட்டியும் கணவரோடு சேர்ந்த பிறகும் வாடை கூடுவதற்கு இதுதான் காரணம். அவர் உடம்பில் ஏதோ கோளாறு என்று அதற்கு அர்த்தமில்லை.

சோப்பின் பி.எச். 9, 10 என்று இருக்கும். வெறும் தண்ணீரும் அந்தப் புளிப்பைக் கரைத்துவிடும். யூகலிப்டஸ் தைலம் மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கவும் கைகால் வலிக்குத் தேய்க்கவும் நம் மலையில் எல்லா வீட்டிலும் இருக்கிறது, இருக்கட்டும். உள்ளே இருக்கும் மென்மையான சவ்வை அது எரிச்சலூட்டும். வாஷ் பாட்டிலில் ‘பி.எச். 3.5’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அது பாதுகாப்பானது என்று நினைத்திருப்பீர்கள். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு எந்த பாட்டிலும் தேவையில்லை. உள்ளே பீய்ச்சியோ விரல் விட்டோ கழுவும் பெண்களுக்கு இந்தத் தொந்தரவு அதிகம் வருவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாடை வந்ததும் கழுவுகிறீர்கள், கழுவியதால் நல்ல கிருமி குறைகிறது, குறைந்ததால் மறுபடி வாடை. இந்தச் சுழலை நீங்கள்தான் அறுக்க முடியும். வெளிப்புறத்தை மட்டும் குளிக்கும்போது தண்ணீரால் கழுவினால் போதும்.

அந்தச் சமநிலையைக் கலைப்பவை

எல்லாக் காரணமும் உங்கள் கையில் இல்லை. மாதவிலக்கு, பிரசவம், பாலூட்டும் காலம், மாதவிலக்கு நிற்கும் வயது என்று ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் கிருமிகளின் கணக்கும் மாறும். பெண்ணுக்குப் பெண்ணும் வேறுபாடு உண்டு. 2011-ல் அமெரிக்காவில் 396 ஆரோக்கியமான பெண்களைப் பரிசோதித்தபோது ஐந்து வகைக் கூட்டமைப்புகள் தெரிந்தன. நான்கு வகைகளில் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம். ஐந்தாவது வகையில் அது குறைவு, ஆனாலும் அந்தப் பெண்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆகவே அறிகுறி இல்லாத பெண்ணுக்கு ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் வைத்தியம் செய்யக் கூடாது.

ஆன்டிபயாடிக் அடுத்த காரணம். இருமலுக்குச் சாப்பிட்ட மருந்து நல்ல பாக்டீரியாவையும் அழித்தது. அந்த இடத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை பெருகியது. தயிர்த் திரியும் கடும் அரிப்பும் அதன் வேலை. நாலில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது அது வரும். அதற்கு மருந்து வேறு, இப்போதைய தொல்லைக்கு மருந்து வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து மாத்திரை வாங்கியதில்தான் குழப்பம். பூஞ்சைத் தொல்லை அடிக்கடி வந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரு முறைதான் வந்திருக்கிறது, ஆனாலும் எப்படியும் ரத்தம் கொடுக்கப் போகிறீர்கள், சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

காப்பர்-டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அது போட்டிருப்பவர்களுக்கு பாக்டீரியல் வெஜைனோசிஸ் சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. உதிரப்போக்கு அதிகமாவதும் நாள் நீளுவதும் காரணமாக இருக்கலாம். அதற்காக உடனே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் அரசு மருத்துவமனைகளில் போடும் காப்பர்-டியில் 380ஏ என்ற வகைக்கு 10 வருடமும், 375 என்ற வகைக்கு 5 வருடமும் ஆயுள். உங்களுக்குப் போட்டு 8 வருடம் ஆகிறது. அட்டை தொலைந்தாலும் பிரசவம் நடந்த மருத்துவமனையின் பதிவேட்டில் எந்த வகை என்று இருக்கும், கேட்டு வாங்குங்கள். 375 என்றால் காலம் கடந்துவிட்டது, கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு இருக்கிறது. எடுப்பதற்கோ மாற்றுவதற்கோ உங்கள் சம்மதம் போதும். கணவர் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை.

மாதவிலக்குத் துணி முக்கியமான விஷயம். ஒடிசாவில் செய்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், துணியைத் துவைத்துத் திரும்ப உடுத்தும் பெண்களிடம் இந்தத் தொற்றுகள் பேட் பயன்படுத்துபவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. துணியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஈரம் போகாத துணி கெட்டது. ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பர் வரை மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் கதவுக்குப் பின்னால் எதுவும் காயாது. மழை நாட்களில் இரண்டு பக்கமும் நன்றாக இஸ்திரி போட்டு, சூடு ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த மாதங்களில் மட்டுமாவது பேடுக்கு மாறுங்கள். வெயில் வந்தால் வெயிலில் போடுங்கள். கூச்சமாக இருந்தால் மேலே மெல்லிய துணி ஒன்றைப் போட்டு மறைக்கலாம், ஆனால் கனத்த சேலையை மடித்துப் போட்டு மூடினால் பயனில்லை.

மழைக்கு இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் ஷீட், அதற்குள் ஸ்வெட்டர், லெகிங்ஸ், நாள் முழுக்க நனைந்த உள்ளாடை, இதெல்லாம் தொடையிடுக்கில் தோல் பூஞ்சையைக் கொண்டுவரும். வீட்டுக்கு வந்ததும் பருத்தி உள்ளாடைக்கு மாறுங்கள், இரவில் தளர்வாக இருங்கள். அதற்கு மேல் குளிரைக் குற்றம் சொல்ல வேண்டாம். வெளியே உறைபனி விழுந்தாலும் உடம்புக்குள் 37 டிகிரிதான். தோட்டத்தில் கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது வெள்ளைப்படுதலைக் கொண்டுவராது, சிறுநீர்த் தொற்றைக் கொண்டுவரும். குடியுங்கள். கழிப்பறை கேட்பது உங்கள் உரிமை, தனியாகக் கேட்கத் தயங்கினால் கூட வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து கேளுங்கள்.

‘உடம்பு சூடு’ என்ற விளக்கத்தை உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் முட்டைக்கும் கோழிக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. அவற்றை ஆறு மாதமாக நிறுத்தியதில் உங்கள் உடம்புதான் வற்றியிருக்கிறது. வெள்ளைப்படுவதால் எலும்பு உருகாது. அந்தத் திரவத்தில் இருப்பது தண்ணீரும் உதிர்ந்த செல்களும் கிருமிகளும்தான். அசதிக்கு வேறு காரணம் தேடுங்கள். இந்தியாவில் 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. காப்பர்-டியால் உதிரப்போக்கு கூடிய, மாமிசத்தை நிறுத்திய, நாள் முழுக்கச் சரிவில் நின்று இலை பறிக்கும் பெண்ணுக்கு அசதி வராமல் என்ன செய்யும்? ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். நாளைக்கே முட்டையை ஆரம்பியுங்கள்.

தயிரை உள்ளே வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள், உங்களுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். வேண்டாம். தயிரில் உள்ள பாக்டீரியா வேறு இனம், யோனியில் அது குடியேறாது. சாப்பிடுங்கள், அதோடு சரி. புரோபயாட்டிக் கேப்சூல்களுக்கும் இப்போதைக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

என்ன பரிசோதனை, என்ன மருந்து

நீங்கள் மெடிக்கலில் வாங்கியது, அரசுத் திட்டத்தில் பச்சை நிறப் பெட்டியில் கொடுக்கும், பாக்டீரியாவுக்கான செக்னிடசோலும் பூஞ்சைக்கான ஃப்ளூக்கனசோலும் போன்ற மருந்தாக இருக்கும் என்று நினைக்கிறேன். பரிசோதனைக்கு வசதியில்லாத இடத்தில், அறிகுறியைப் பார்த்து முதல் முறை கொடுக்க அது நல்ல ஏற்பாடுதான். நான்கு முறை திரும்பி வந்த பிறகும் அதையே விழுங்கிக்கொண்டிருப்பது சரியில்லை. இந்தத் தொற்று மருந்துக்குப் பின்பும் திரும்பி வரும் குணமுடையது. சரியாக மருந்து எடுத்தவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது. ஆகவே மருந்து பலிக்கவில்லையே என்று உங்கள் உடம்பை நொந்துகொள்ள வேண்டாம்.

தேவையான பரிசோதனை மிக எளிது. உள்ளிருந்து கொஞ்சம் திரவம் எடுத்து, நிறம் மாறும் தாளில் பி.எச். பார்ப்பார்கள். ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு வாடை வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மைக்ரோஸ்கோப். தண்ணீரான திரவம், பி.எச். 4.5-க்கு மேல், அந்த வாடை, பாக்டீரியா அப்பிய செல்கள், இந்த நான்கில் மூன்று இருந்தால் பாக்டீரியல் வெஜைனோசிஸ். 1983-லிருந்து உலகம் முழுக்க இதுதான் அளவுகோல். அதே மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சையும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும் தெரிந்துவிடலாம். கோத்தகிரி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள், அங்கே முடியாவிட்டால் குன்னூர் அல்லது ஊட்டி. பால்வினைத் தொற்றுகளுக்கென்று அரசு மருத்துவமனைகளில் நடக்கும் ‘சுரக்ஷா’ கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விவரங்களை ரகசியமாக வைத்திருப்பார்கள். மாதவிலக்கு இல்லாத நாளில் போங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம். பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால் பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று தைரியமாகக் கேளுங்கள்.

உறுதியானால் மெட்ரோனிடசோல் மாத்திரை காலை, இரவு என 7 நாள். வாடை மூன்றாம் நாளே போய்விடும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அப்படியும் திரும்பினால் அதே மருந்தை ஜெல்லாக வாரம் இரண்டு முறை, மூன்று மாதத்துக்கு மேல் வைக்கும் முறை இருக்கிறது. டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

கணவரைப் பற்றி

உங்கள் நாத்தனார் சொன்னதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பாக்டீரியல் வெஜைனோசிஸ் இருப்பதால் கணவர் வேறு பெண்ணிடம் போனார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உண்மையாக வாழும் தம்பதிகளிலும் இது வருகிறது. அதே சமயம், கணவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நாங்கள் முன்பு சொல்லிவந்ததும் இப்போது மாறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 164 தம்பதிகளிடம் செய்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. கணவருக்கும் 7 நாள் மாத்திரையும், ஆணுறுப்பில் தடவும் கிளிண்டமைசின் க்ரீமும் கொடுத்தபோது 35 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. இந்த பாக்டீரியாக்கள் ஆணின் தோல் மடிப்பிலும் சிறுநீர்க் குழாயிலும் எந்த அறிகுறியும் இல்லாமல் தங்கும். உங்களிடமிருந்து அவருக்கும் போயிருக்கலாம், அவரிடமிருந்து திரும்பவும் வரலாம். உங்களுக்குத்தான் மீண்டும் மீண்டும் வருகிறதே, ஆகவே இருவரும் ஒரே வாரத்தில் மருந்து எடுப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுவது உங்கள் விஷயத்தில் மிகவும் பொருத்தம். அந்த வாரம் உறவு வேண்டாம், மதுவும் வேண்டாம். அடுத்த சில மாதங்கள் ஆணுறை பயன்படுத்தினால் நல்ல கிருமிகள் மீண்டும் பெருக அவகாசம் கிடைக்கும்.

டிரைக்கோமோனாஸ் என்று வந்தால் மட்டும் அது உறவின் மூலம் பரவுவது, இருவருக்கும் மருந்து கட்டாயம். அப்போதும் எப்போது, யாரிடமிருந்து என்று தேதி போட முடியாது. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது அது.

அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்குகிறீர்கள். சண்டையின் நடுவில் வேண்டாம், அவர் ஓட்டம் முடிந்து வந்த களைப்பிலும் வேண்டாம். “எனக்கு ஒரு தொற்று திரும்பத் திரும்ப வருது, ரெண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுத்தாதான் நிக்கும்னு டாக்டர் சொல்றாங்க, நீங்களும் ஒரு நாள் வாங்க” என்று சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள். அவர்மேல் உங்களுக்கு வேறு காரணத்தால் சந்தேகம் இருந்தால் அதைத் தனியாகப் பேசுங்கள். ஆதாரமாக இந்த வெள்ளைப்படுதலைக் கொண்டுபோகாதீர்கள்.

கர்ப்பப்பையை எடுக்கும் முன்

இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. உங்கள் தொல்லை யோனியில் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தாலும் யோனி அங்கேயே இருக்கும், கிருமிகளும் இருக்கும், வாடையும் இருக்கும். கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் நின்றுபோகும். முதலில் சொன்னேனே, நல்ல கிருமிகளுக்குத் தீனி போடுவதே அந்த ஹார்மோன்தான். 36 வயதில் அதை இழந்தால் உள்ளே வறட்சி வரும், எலும்பு மெலியும், இதயத்துக்கும் ஆபத்து கூடும். எலும்பு உருகும் என்று எதற்கு பயந்தீர்களோ, அது அப்போதுதான் உண்மையாகும்.

இரண்டு பிரசவம் பார்த்த கர்ப்பப்பை சற்றுப் பெரிதாக இருப்பது இயல்பு. ‘வாயில் புண்’ என்று சொல்வது பெரும்பாலும் புண்ணே இல்லை. கர்ப்பப்பை வாயின் உட்புறச் சிவந்த சவ்வு வெளியே தெரிவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், உங்கள் வயதில் அது சாதாரணம். புற்றுநோய் அறிகுறி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டியது அவசியம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் செய்யும் பரிசோதனை போதும், செலவில்லை. அதில் ஏதாவது தெரிந்தால்தான் அடுத்த கட்டம்.

கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டிய நிலைகள் உண்டு. புற்றுநோய், மருந்துக்கு அடங்காத உதிரப்போக்கு, பெரிய கட்டிகள், அடியிறக்கம் (கர்ப்பப்பை கீழே இறங்கிவிடுவது). உங்கள் கடிதத்தில் இதில் எதுவும் இல்லை. தேவையில்லாமல் கர்ப்பப்பை நீக்கப்படுவதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘இலவசம்’ என்பது அறுவை சிகிச்சைக்குக் காரணம் ஆகாது. ஸ்கேன் படம், ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றின் நகலையும் அந்த மருத்துவமனையில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவற்றோடு அரசு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து வாங்குங்கள். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வர உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம், ரத்தம் கலந்த கெட்ட வாடை, அடிவயிற்று வலியோடு காய்ச்சல், நாள் தள்ளிப்போவது. காப்பர்-டி இருப்பதால் கடைசி இரண்டில் அன்றைக்கே போக வேண்டும்.

மகளுக்கு உங்களிடமிருந்து எதுவும் ஒட்டவில்லை. பூப்பெய்துவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே ஈஸ்ட்ரோஜன் சுரக்க ஆரம்பிக்கும், அதனால் வாடையில்லாத வெள்ளை போவது எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் நடப்பது. அரிப்போ வாடையோ நிறமாற்றமோ இருந்தால் மட்டும் காட்டுங்கள். அவளுக்கும் அந்த வாஷைக் கொடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை வாங்கி வைத்துவிடுங்கள். வெளிப்புறம் தண்ணீர், மலம் கழித்தால் முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, பருத்தி உள்ளாடை, அவளுக்கு இது போதும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசிக்கு 9-லிருந்து 14 வயதுதான் சிறந்த காலம், அவள் அந்த வயதில் இருக்கிறாள். உங்கள் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே கிராம சுகாதார செவிலியரிடம் அதையும் விசாரித்துவிடுங்கள்.